சர்ச் குரூப்ல போட இருந்த ஜெபக்குறிப்பு

உங்க தம்பி ஒரு தப்பு பண்ணிட்டா, பயப்படாம உங்ககிட்ட வந்து சொல்லுவானா?

எங்க வீடு சித்தூர்ல. நான் திருப்பதில வேலை பண்றேன். போன மாசம் லீவுல வந்தப்ப, டென்த் படிக்கிற என் தம்பி போன் அடிச்சாலே திடுக்கிட்டான். "லவ் ஃபெயிலியராடா?"ன்னு ஓட்டினேன். ஓன்னு அழுதுட்டான். ஆன்லைன்ல பொண்ணு மாதிரி பேசின எவனோ இவன்கிட்ட ஒரு அசிங்கமான போட்டோ வாங்கிக்கினு, "காசு தரலன்னா உங்க சர்ச் குரூப்ல போட்டுடுவேன்"னு மெரட்டிக்கினு இருந்திருக்கான்.

நைனா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க வீட்ல எந்தக் கஷ்டம் வந்தாலும் மொதல்ல சர்ச் குரூப்ல ஜெபக்குறிப்பு போட்டுடுவோம். அம்மா அழுதுக்கினே, "என் மவன் போட்டோவ வச்சி ஒருத்தன்"னு டைப் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. நைனா போனை புடுங்கிட்டாரு.

"அவன் போடறதுக்குள்ள நீயே போட்டுடுவ போல கீதே!"

அழுதுக்கினு இருந்த தம்பியே சிரிச்சிட்டான். நைனா அவனை ஒரு வார்த்தை திட்டல. "மெரட்டறவன்தான்டா தப்பு பண்றான். நீ எழுந்து வா"ன்னாரு. காசு அனுப்பல, எதையும் அழிக்கல. மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவனை பிளாக் பண்ணிட்டு, நேரா சைபர் போலீஸ்கிட்ட போனோம். அப்புறம் அவன் சத்தமே இல்ல. நைனா, ரொம்ப தேங்க்ஸ்.

இப்பல்லாம் தம்பி மூஞ்சி வாடியிருந்தா ஓட்டறதில்ல, "என்னடா ஆச்சு?"ன்னு கேக்கறேன். இதை எழுத சொன்னதே அவன்தான், பேரு மட்டும் போடாதன்னான். மறுபடி லீவுல வந்திருக்கேன், இப்ப பக்கத்துல ஒக்காந்து என் பங்கு வடையையும் துன்னுக்கினு இருக்கான்.