கட்டிலுக்கு அடியில் இருந்த காவல்

வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டதால்தான் நான் வாட்ச்மேன் ஆனேன். அந்த வேலைக்கு வேறு தகுதி எதுவும் எனக்குக் கிடையாது.

சின்னக்கானல் பக்கம், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குக் கீழே, ரோட்டை ஒட்டி ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தேயிலைக் கொழுந்து பறித்து ரிட்டயர் ஆகி, லயத்தில் மகள் வீட்டில் இருந்தேன். கட்டிட வேலை சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கம்பி, வயர், மோட்டார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். முன்னால் இருந்த வாட்ச்மேன் குடித்துவிட்டு சிமெண்ட் மூட்டைமேல் படுப்பாராம். ஒருநாள் காலையில் எழுந்தபோது தரையில் படுத்திருந்தாராம். மூட்டையை எவனோ அவருக்கு அடியிலிருந்தே உருவிக்கொண்டு போயிருக்கிறான்.

அதனால் காண்ட்ராக்டர் இந்தத் தடவை குடிக்காத ஆளாகத் தேடினார். அவர் மலையாளி, நல்ல மனுஷன். லயத்துக்கு வந்து என் மகளிடம் கேட்டார்.

"இந்த அம்மச்சி குடிக்குமோ?"

"சே, எங்கம்மா காப்பிகூட ரெண்டாவது தடவை கேட்டு வாங்காது."

"அப்ப நாளையில இருந்து வரட்டும்."

நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். பஸ்ஸில் என் ஸ்டாப் வரும்போது நிறுத்தச் சொல்ல வாய் வராமல் பூப்பாறை வரைக்கும் போய், அங்கேயிருந்து திரும்பி வந்தவள் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். அஞ்சாம் வகுப்புக்குப் புது வாத்தியார் வந்தார். அவர் முன்னால் எழுந்து நின்று பேர் சொல்லவேண்டும் என்றார்கள். நான் கொழுந்து பறிக்கப் போய்விட்டேன்.

அப்படிப்பட்டவள் திருடனைப் பார்த்து "யாரது" என்று அதட்டவேண்டும். இதை நினைத்து முதல் ரெண்டு நாள் எனக்கே சிரிப்பு வந்தது. மூணாம் நாள் பயம் வந்தது.

சத்தம் போட வராது என்பதால் எனக்குப் பதில் சத்தம் போட ஒன்றை ஏற்பாடு செய்தேன். எங்கள் லயத்தில் பீன்ஸ் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டி, காலி டின்னுக்குள் கூழாங்கல் போட்டுத் தொங்கவிடுவோம். ஆனை வந்து கயிற்றில் இடித்தால் டின் ஆடிச் சத்தம் கேட்கும். அதே மாதிரி கட்டிடத்தைச் சுற்றி நாப்பது டின் கட்டினேன். காண்ட்ராக்டர் பார்த்துவிட்டு, "அம்மச்சி புத்திசாலி" என்றார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஏனென்றால் அந்த டின்னால்தான் எல்லாம் போயிற்று.

நான் இருந்த ஷெட்டில் நாலு செங்கல் அடுக்குமேல் சென்ட்ரிங் பலகையைப் போட்டு ஒரு கட்டில். பக்கத்து ஷெட்டில் வடக்கேயிருந்து வந்த வேலையாட்கள் ஆறு பேர். அதில் ஒருத்தர் கம்பி கட்டுகிறவர், நாப்பது வயசு இருக்கும், ஜார்க்கண்ட் என்று சொல்வார். எங்கள் ஊரில் வடக்கேயிருந்து யார் வந்தாலும் பெங்காலிதான். அவர் என்னை அம்மா என்பார். நான் அவரை எதுவும் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவர் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் இருமுவேன்.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை. மற்ற அஞ்சு பேரும் சாமான் வாங்க மூணாறு போய்விட்டார்கள். கம்பிக்காரருக்கு மட்டும் காய்ச்சல். சாயங்காலம் ஆறரை மணிக்கு நல்ல மழை, மஞ்சு இறங்கிக் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. கரண்டும் போய்விட்டது. அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் ஷெட் வாசலுக்கு வந்து, மாத்திரை போட சுடுதண்ணி கேட்டார். நான் தம்ளரை வாசற்படியில் வைத்தேன். கையில் கொடுக்க வெட்கம்.

அவர் குனிந்து எடுக்கும்போது டின் அடித்தது.

ஒன்றல்ல, ஏழெட்டு டின் சேர்ந்து. அதோடு படார் என்று மரக்கிளை முறிகிற சத்தம். எங்கள் பக்கம் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. டின் அடித்துக் கிளை முறிந்தால் ஆனை. ஆனை வந்தால் விளக்கை அணைக்கணும், அடுப்பை அணைக்கணும், கதவை அடைக்கணும், மூச்சுக் காட்டக்கூடாது. டார்ச் அடிக்கவே கூடாது, அதுக்குக் கோபம் வரும். நடக்கப் பழகும் முன்னாலேயே இதைப் பழகிவிடுவோம்.

என் கை அதுவாகவே போய் அந்த மனுஷனின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது. கதவைச் சாத்தினேன், விளக்கை ஊதினேன், கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். அவரையும் புகச் சொல்லி இழுத்தேன். நான் இவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

வெளியே கலகலவென்று கம்பி இழுபடுகிற சத்தம். உப்புத் தேடுது பாவம், என்று நினைத்தேன். ஆனை வந்தால் வீட்டை உடைத்து உப்பும் அரிசியும்தானே எடுக்கும். போயிரு சாமி, இங்க ஒண்ணும் இல்ல, எல்லாம் இரும்பு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜீப் சத்தம். எனக்கு உயிர் வந்தது. பாரஸ்ட்காரர்கள் விரட்ட வந்துவிட்டார்கள் என்று கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் என் காதுப் பக்கம் கிசுகிசுத்தார். "அம்மா, ஆனைக்கு ஜீப் இருக்கா?"

"சும்மா கிடய்யா. பாரஸ்ட்டு."

"அம்மா, நான் போய்ப் பார்க்கிறேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சட்டையோடு விட்டேனா, அவர் வாயையும் பொத்தினேன். காய்ச்சல் அனலாய் அடித்தது. ஜீப் போனது. டின் அடங்கியது. அதற்குப் பிறகும் கால்மணி நேரம் அவரை விடவில்லை. ஆனை போன மாதிரி போக்குக் காட்டும் என்று சொல்வார்கள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. இருட்டு, அடைத்த கதவு, உள்ளே ஓர் ஆம்பளை. கதவைத் திறந்து அவரை வெளியே அனுப்பும்போது, "உள்ள இருந்தீகன்னு யார்கிட்டயும் சொல்லிறாதய்யா" என்றேன். ஒரே வாக்கியத்தில் மரியாதையும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

காலையில் மேஸ்திரி வந்தார். எங்கள் லயத்து ஆள், என்னை அத்தை என்பார். நான் இருமினேன். அவர் திரும்பினார்.

"ராத்திரிக்கு முன்னாடியே ஆனை வந்துருச்சு மருமகனே. நல்லவேளை, பாரஸ்ட்டு ஜீப்பு வந்துச்சு."

அவர் கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அத்தை, ஆனை லத்தி எங்க கிடக்கு?"

"மழையில கரைஞ்சிருக்கும்."

"கால் தடம்?"

"மழையில..."

"டயர் தடம் மட்டும் கரையலையே. ஆனை டயரு மாட்டிக்கிட்டு வந்துச்சோ? கம்பி ஒரு கட்டு இல்ல, வயரு இல்ல, மோட்டாரு இல்ல. அம்புட்டையும் தும்பிக்கையில சுருட்டிட்டுப் போச்சாக்கும்."

அப்போதுதான் புரிந்தது. வந்தவன் எவனோ எங்களைத் தெரிந்தவன். டின்னை ஆட்டி ஒரு கிளையை ஒடித்தால் மொத்த லயமும் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று தெரிந்துதான் வந்திருக்கிறான். நாப்பது டின்னையும் அவனுக்காகக் கட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது. வாட்ச்மேனும் கும்பிட்டு அனுப்பிவைத்திருக்கிறாள்.

காண்ட்ராக்டர் வந்தார். லயமே கீழே இறங்கி வந்துவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பேன், அது எனக்குப் பழக்கம். ஆனால் யாரோ கேட்டார்கள், "நேத்து இங்க யார் இருந்தா?" மற்ற அஞ்சு பேரும் மூணாறில் இருந்தார்கள். மீதி ஒருத்தர்.

கம்பிக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நேற்று ஆறரைக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டார் காண்ட்ராக்டர். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "ஷெட்டில் தூங்கினேன்" என்றார்.

"பொய்யி" என்றார் பால்காரர். "நான் மழைக்கு அந்த ஷெட்டுலதான் ஒதுங்குனேன். ஆறரை மணி இருக்கும். கதவு திறந்து கிடந்துச்சு, உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம் டின்னு சத்தம் கேட்டு நான் ஓடிட்டேன்."

கூட்டம் சத்தமாயிற்று. ஒருத்தர் அவருடைய பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். ரெண்டு சட்டை, ஒரு சீப்பு, ஒரு போட்டோ. போட்டோவில் ஒரு பொம்பளையும் ரெண்டு பிள்ளைகளும். அது சேற்றில் குப்புற விழுந்தது. அவர் எடுக்கக் குனிந்தபோது, "அங்கயே நில்லு" என்றார்கள். காண்ட்ராக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடிக்கப் போனை எடுத்தார்.

நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷன் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இது எனக்குத் தெரிகிறது. வாய் திறக்கவில்லை. முதலில் மகளிடம் சொல்லி அவளைச் சொல்லவைக்கலாம் என்று அவள் முழங்கையைக் கிள்ளினேன். "என்னம்மா, ஒண்ணுக்குப் போகணுமா?" என்றாள். பிறகு இருமினேன். அந்தக் கூச்சலில் என் இருமல் யாருக்குக் கேட்கும். "அவருக்குக் காய்ச்சல்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவள், "ஆமா, எனக்குந்தான்" என்றாள்.

காண்ட்ராக்டர் போனைக் காதில் வைத்தார். நான் அந்தப் போட்டோவைப் பார்த்தேன்.

"அவரு என் கட்டிலுக்கு அடியில இருந்தாரு."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அறுபத்தெட்டு வருஷமாகப் போடாத சத்தமெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது. கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. காண்ட்ராக்டர் போனைக் கீழே இறக்கினார்.

"அம்மச்சி எங்க இருந்தீங்க?"

"நானும் அடியிலதான்."

பின்னால் ஒரு கிழவி களுக்கென்றாள். என்னோடு கூடையைத் தூக்கிய கூட்டாளி, விடுவாளா. "ஏண்டி, கொழுந்துக் காட்டுல ஆம்பளை எதிர வந்தா செடிக்குள்ள புகுந்துக்கிடுவியே, ஒனக்கா இம்புட்டுத் துணிச்சல்?"

சரியாக விளக்கிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அதுதான் தப்பு. "நான்தான் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தேன். விளக்கை நான்தான் அணைச்சேன். அவரு போகணும்னாரு, நான்தான் விடல. வாயைப் பொத்திட்டேன்." ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது.

"அப்புறம் ரெண்டு பேரும் என்ன செய்தீங்க?" என்றார் காண்ட்ராக்டர். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம்."

என் மகளின் புருஷன் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மேஸ்திரி மட்டும் என் ஷெட்டுக்குள் போய்க் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையும் ஒரு நீலச் செருப்பும் எடுத்து வந்தார். எல்லாரும் கம்பிக்காரர் காலைப் பார்த்தார்கள். ஒரு காலில் நீலச் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால். காலையிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறார், யாரும் பார்க்கவில்லை.

பையைக் கவிழ்த்த ஆளே சட்டைகளை மடித்து உள்ளே வைத்தார். போட்டோவை நான் எடுத்து என் முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். கையிலேயே கொடுத்தேன்.

கம்பி கிடைக்கவில்லை. மோட்டாரும் கிடைக்கவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். "அம்மச்சிக்குச் சத்தம் இருக்குன்னு இப்பதான தெரிஞ்சது, எங்க போறீங்க?" என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர். ஆனால் இனிமேல் டின் அடித்தால் கதவை ரெண்டு விரல் திறந்து, ஆனையா ஆளா என்று பார்த்துவிட்டுத்தான் ஒளியவேண்டும் என்று கண்டிஷன். கம்பிக்காரர் கூடத் துணைக்கு.

அவர் தன் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் சம்சாரம் வீடியோ காலில் என்னைப் பார்க்கவேண்டுமாம். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்தப் பொம்பளை மூடிய முந்தானையைப் பார்த்தே கும்பிட்டாளாம்.

ஆவணியில் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம், டின் மறுபடி அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கண்டிஷன்படி கதவை ரெண்டு விரல் திறந்தேன். பத்து நாளாகச் சொல்லிப் பழகியிருந்ததைச் சொன்னேன், "யாரது". மஞ்சுக்குள் மெதுவாக ஒரு காது ஆடியது. எங்கள் கதவைவிடப் பெரிய காது.

கதவைச் சாத்தி, விளக்கை ஊதி, ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் புகுந்தோம். ரெண்டு செருப்பையும் அவர் மறக்காமல் எடுத்துக்கொண்டார். நான் போனை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்து, மகளைக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தேன்.

"ஆனை வந்திருக்கு. நெசமான ஆனை. அவரு உள்ளதான் இருக்காரு. எல்லார்கிட்டயும் சொல்லிரு."