வாய் திறக்காதவரை ஐரோப்பா

சீனாவில், செங்டு நகரத்தில் எங்கள் கதவுக் கம்பெனிக்குத் தலைமை வடிவமைப்பாளர் ரோலண்ட். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருக்கும். மனுஷன் இங்கிலாந்தில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர். கீல் எந்தப் பக்கம் வரும் என்று யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். ஆனால் ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, நீலக் கண். எங்கள் முதலாளி பாங் என்பவருக்கு அது போதும். அந்த முகத்தைக் காட்டியே 'ஐரோப்பியக் கதவு' என்று மூன்று மடங்கு விலை வைத்தார்.

நான் சியூ, அவருடைய மொழிபெயர்ப்பாளர். கதவு வாங்க ஆள் வந்தால் ரோலண்ட் கதவைத் தடவிக்கொண்டே இங்கிலீஷில் எதையாவது சொல்ல வேண்டும்.

"நேத்து சாப்பிட்ட ஹாட்பாட் காரக் குழம்பு இன்னும் வயித்தைக் கலக்குது சியூ, சீக்கிரம் முடிங்க" என்பார்.

நான் பயபக்தியோடு, "இந்த மரம் மூணு தலைமுறை தாங்கும்னு சொல்றார்" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்படியே ஏழு வருஷம் ஓட்டினோம்.

திடீரென்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. "ஒழுங்கா வேலை செய்யணும் சியூ. இது போனா விசா போச்சு, வீடு போச்சு. இங்கிலாந்துல எனக்குக் கதவைத் திறக்க ஒரு ஆள் கிடையாது" என்றார். அதனால் சீன மொழி கற்கப் போகிறாராம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். வாத்தியார் வைத்தார். போதாததற்கு எங்கள் காவல்காரரோடு தினம் டீக்கடையில் மாஜோங் ஆட்டம் வேறு. எட்டே மாதத்தில் என்னைப் பார்த்து, "என்னக்கா, சாப்டாச்சா?" என்கிறார். அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு நாற்பத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏதோ நம்மூர் நூடுல்ஸ் கடைக்காரர் பேசுவது போல இருக்கும்.

"ஆளுங்க முன்னாடி வாயைத் திறந்துடாதீங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

கட்டடம் கட்டுகிற லியாவ் நானூறு கதவு வாங்க வந்தார். நான் வாயெடுப்பதற்குள் ரோலண்ட் ஆரம்பித்துவிட்டார். பாவி மனுஷன், எனக்குத் தெரியாமல் பட்டறையில் போய் நின்று தொழிலையே கற்றுக்கொண்டிருக்கிறார். பூட்டு, கீல், மரம் காயவைத்த விதம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். அதில் ஒரு பொய் இல்லை.

லியாவ் வயிறு குலுங்கச் சிரித்து அவர் முதுகில் தட்டினார். "அட, நம்ம ஆளு. மரம் எங்கேர்ந்துண்ணே வருது?"

"நம்ம மலைப்பக்கம்தான் தம்பி" என்றார் ரோலண்ட் பெருமையாக.

லியாவ் முதலாளி பக்கம் திரும்பினார். "மரமும் நம்மூரு, ஆளும் நம்மூரு. விலை மட்டும் எதுக்குய்யா ஐரோப்பாவுல நிக்குது?"

நானூறு கதவும் நம்மூர் விலைக்கே போனது.

மறுநாள் பாங் அவரைக் கூப்பிட்டார். "நம்ம பாஷை பேசறவங்க எங்கிட்ட எண்பது பேர் இருக்காங்க. பேசத் தெரியாதவன் நீ ஒருத்தன்தான் இருந்தே. அதையும் கெடுத்துட்டியே."

ரோலண்ட் அதற்கும் சுத்தமான செங்டு பேச்சில் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருஷத்தில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே வேலைக்குச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். முப்பது நாளில் விமானம் ஏறினார்.

இப்போது போலந்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். பொன்னிறத் தலைமுடி, நல்ல உயரம். முதல் நாளே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க பாஷையில நன்றிக்கு என்ன சொல்வீங்க?" என்றார்.

நோட்டைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

"தலையை மட்டும் ஆட்டுங்க" என்றேன்.