கறுப்புத் திரையில் பன்னிரண்டு காத்தாடிகள்

ஒரு நேர்கோடு. அது வலப்பக்கம் சாய்கிறது, படுத்துக்கொள்கிறது, மறுபக்கமாகச் சாய்ந்து எழுகிறது. விசைப்பலகையில் சும்மா கிடக்கிற கோடுகளை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதினால், கண் அதைச் சுழலும் காத்தாடி என்று நம்பிவிடுகிறது. என் கண் முதன்முதலாக நம்பிய நாளில் எனக்கு நாற்பத்தாறு வயது, இரத்தத்தில் சர்க்கரை, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் கிளாக்கர், அதாவது எழுத்தர் உத்தியோகம். நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். அடுத்த மேசைக்காரர் யாருக்கோ பிரியாவிடை என்று நினைத்து அவரும் எழுந்து தட்டினார்.

இவ்வளவுக்கும் காரணம் எங்கள் டீமேக்கர் ஐயாவின் வலது முழங்கால். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகிப் பையில் ஏறும்வரை, இஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்குள் எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. கொழுந்து முதலில் போவது மேல்மாடிக்கு. அங்கே பன்னிரண்டு நீளத் தொட்டிகளில் அதைப் பரப்பி, அடியிலிருந்து காத்தாடிகளால் காற்று அனுப்பி வாட்டுவார்கள். காற்று நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அதிலிருந்து நல்ல தேயிலை வராது. ஆகவே டீமேக்கர் மணிக்கொரு தடவை நாற்பத்திரண்டு மரப்படிகள் ஏறியாக வேண்டும். அந்த வருடம் அவருடைய முழங்கால் இருபதாவது படியோடு வேலைநிறுத்தம் செய்தது. கண்டியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். தோட்ட மேனேஜரான பெரிய தொரை நல்ல மனிதர்தான். ஆனால் படி ஏறாத டீமேக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் பார்ப்போம், மாடி வேலை கெடாமல் நடந்தால் அவர் இருக்கட்டும், கெட்டால் ஆபீஸில் பைல்களைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். டீமேக்கரை ஆபீஸில் உட்காரவைப்பது மீனைக் கரையில் காயப்போடுவதற்குச் சமம். அது அவருக்கும் தெரியும்.

தொட்டிக்கொரு பிடி கொழுந்தை மாடிப் பெண்கள் கயிற்றில் வாளி கட்டி இறக்குவது என்று ஏற்பாடாயிற்று. அவர் அதைக் கைக்குள் அமுக்கி வாட்டத்தைப் பார்த்துக்கொள்வார். இடைப்பட்ட நேரத்தில் மாடியில் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டியது என் வேலை. என் கம்ப்யூட்டரோ படம் எதையும் திறந்தால் மூச்சு வாங்கும் பழைய பெட்டி. ஆனால் எழுத்துகள் மட்டுமே ஓடுகிற கறுப்புத் திரை ஒன்று அதில் உண்டு, அதில் மட்டும் அது குதிரை. கோடுகளை அடுக்கிப் பன்னிரண்டு கட்டங்கள் கட்டினேன். தொட்டிகளுக்குத் தமிழில் பெயரெழுதினால் எழுத்துகளின் அகலம் ஒத்துவராமல், பழைய லயத்து வீட்டுச் சுவர் போலக் கட்டம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பெயரைக் கைவிட்டு எண்ணைப் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும், தொட்டிக்கு அடியில் வைத்த சென்சர் அனுப்பும் காற்றின் சூடும் ஈரமும் தெரிந்தன. நடுவில் அந்தக் காத்தாடி. முதல் நாள் மாலை பன்னிரண்டும் ஒன்றாகச் சுழன்றபோது எனக்கு இரண்டாம் கல்யாணம் நடந்ததுபோல இருந்தது. மனைவியிடம் இந்த உவமையைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பகல், டீமேக்கர் ஐயா என் பக்கத்தில் உட்கார்ந்து வெறுந்தேநீர் குடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூடத்தில், வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தைப் போட்டார்கள். வழக்கம்போல லைட்டுகள் ஒரு கணம் மங்கித் தெளிந்தன. அவர் கோப்பையை வைத்தார்.

"கிளாக்கரய்யா, ரோலரப் போட்டா இஸ்டோருல லைட்டே கண்ணச் சிமிட்டுது. ஒங்க காத்தாடிக்கு மட்டும் தனியா கரண்டு வருதுங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சூடும் ஈரமும் மாடியிலிருந்து உண்மையாகவே வந்துகொண்டிருந்தன, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. காத்தாடி மட்டும் என் கைவண்ணம். திரைக்கு உயிர் இருப்பதுபோலத் தெரியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சுழலும்படி எழுதியிருந்தேன். மாடியே இடிந்து விழுந்தாலும் அது சுழலும். அந்த அழகில் மயங்கி இதை அவரிடம் சொல்ல மறந்தேன். சொல்ல மறந்தேன் என்பதுகூடக் கொஞ்சம் அலங்காரந்தான்.

"அப்ப அஞ்சு நாளா நான் சினிமாவா பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "எந்திரிங்க. ஒங்க முழங்கால் நல்லாத்தானே இருக்கு."

நாற்பத்திரண்டு படிகளையும் ஏறி நான் மேலே போய் நின்றபோது எனக்கும் ஒரு காத்தாடி தேவைப்பட்டது. மறுகோடியில் புதுக் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "அடி, கம்ப்யூட்டர் ஐயாவுக்கு மாடி எந்தப் பக்கம்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க," என்றார். ஏழாவது தொட்டியின் காத்தாடி பெல்ட் கழன்று நின்றிருந்தது. மற்றப் பதினொன்றின் இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை. கொழுந்துக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி. அடியில் இருந்த சென்சருக்கு இந்தச் சூடு எட்டவேயில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அள்ளிக் கிளறி உதறினோம். இன்னும் அரை மணி போயிருந்தால் டீமேக்கர் ஐயா பைல் பார்க்கப் போயிருப்பார். போக வைத்தவன் நானாக இருந்திருப்பேன்.

அன்றே ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். கதவு திறந்தால் அலறுகிற காந்தச் சுவிட்சுகள் பன்னிரண்டு கேட்டதும், உங்கள் வீட்டுக்கு எத்தனை கதவு என்று கடைக்காரர் மரியாதையோடு விசாரித்தார். காத்தாடி அச்சில் காந்தம், பக்கத்தில் சுவிட்ச். மேலே உண்மையான காத்தாடி சுற்றினால்தான் கீழே கோடு சாயும், இல்லாவிட்டால் நின்றுவிடும். ஆறாம் நாள் முழுக்க மாடியிலேயே கிடந்து மாட்டினேன்.

ஏழாம் நாள் தொரை வந்தார். ஐந்தாம் நாள் சமாச்சாரம் வேண்டாமே என்று டீமேக்கர் ஐயாவிடம் முன்கூட்டியே கெஞ்சியிருந்தேன். உங்கள் நல்லதுக்காக என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொரையிடம் நேராகச் சொன்னார்: "அஞ்சாம் நாளு ஏழாந் தொட்டி நின்னுருச்சுங்க. ஸ்கிரீன் சொல்லல. இப்ப சொல்லும், பாருங்க." போனை எடுத்து ரோலரைப் போடச் சொன்னார்.

லைட்டுகள் மங்கின. திரையில் பன்னிரண்டு கோடுகளும் சாய்ந்த நிலையிலேயே ஒரு கணம் தயங்கின. பிறகு ஒவ்வொன்றாக மூச்சைப் பிடித்து எழுந்து ஓடின. மாடி முழுவதும் என் மேசைக்கு இறங்கி வந்துவிட்டது. தொரை இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. ரோலர்காரர் எங்கள் அறைக்கே வந்து, ஐயாமாருக்கெல்லாம் உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார்.

டீமேக்கர் ஐயா தம் வேலையிலேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று. கூடவே, அவருடைய கால் சரியாகும்வரை இந்தக் கிளாக்கர் தினமும் ஒரு தடவை மாடி ஏறிச் சுவிட்சுகளைப் பார்த்துவர வேண்டும் என்றும் முடிவாயிற்று. என் சர்க்கரை அந்த வருடம் இறங்கியதன் இரகசியம் இதுதான்.

இப்போது நான் ஹட்டனில் வேறு வேலையில் இருக்கிறேன். தொழிற்சாலையில் கொழும்பிலிருந்து வந்த பெரிய வர்ணத் திரை தொங்குகிறது. தொட்டால் இலை மலரும். டீமேக்கர் ஐயாவுக்குக் காலும் சரியாகிவிட்டது, படிகளை இரண்டிரண்டாக ஏறுகிறார். ஆனாலும் அந்தப் பழைய பெட்டியைக் கழற்ற அவர் விடவில்லை. அது இன்றும் ஹட்டனிலுள்ள என் கம்ப்யூட்டருக்குக் கோடுகளை அனுப்புகிறது. பனிமூட்டத்தில் சிக்னல் தேய்ந்து கிடந்தாலும் நாலு கோடுகள் வந்து சேர அது போதும். என் மேசை ஓரத்துக் கறுப்புச் சன்னலில் பன்னிரண்டும் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. சில நாள் பகலில், ரோலரைப் போட்டதும், அவரிடமிருந்து போன் வரும்.

"சிமிட்டுச்சுங்களா?"

"சிமிட்டுச்சுங்க ஐயா."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுவேன். கூட எழுந்து தட்ட அந்த அடுத்த மேசைக்காரர் இல்லை என்பதுதான் ஒரே குறை.