கை நீட்டினால் சக்கரம்

பெரியவளுக்குப் பல வருஷமாக ஒரு பழக்கம். பஸ் கடைத்தெருவைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். கண் மட்டும் ஓரமாக நழுவிப் போய், சின்னவளின் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரும்.

இருவரும் ஓர்ப்படிகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், பை பழுதுபார்க்கும் தொழிலையும் அவர்களிடமே பழகிக்கொண்டார்கள். பாகம் பிரித்தபோது, ஊர்க் கோடியில் இருந்த காற்றோட்டமான வீட்டையும் வாசல் அறையையும் பெரியவள் முந்திக்கொண்டு கேட்டு வாங்கினாள். சின்னவளுக்கு மிஞ்சியது கடைத்தெருச் சந்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்து. "எலி கூட அதில் குனிஞ்சுதான் போகணும்" என்று அன்றைக்குச் சிரித்தவள் பெரியவள்தான். இன்று அந்தப் பொந்தின் வாசலில் ஆள் நிற்கிறது. பெரியவளின் அகலமான அறையில் ஈதான் வருகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் சின்னவளே வந்தாள். "அக்கா, மகளுக்குப் பிரசவம். ஒரு வாரம் கடையைப் பார்த்துக்கறீங்களா?"

"உனக்கில்லாத உதவியாடி" என்றாள் பெரியவள். மனதுக்குள் கணக்கு வேறாக ஓடியது.

முதல் நாள் காலையிலேயே ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் உடைந்திருந்தது. பெரியவள் டப்பாவைக் கிளறினாள். அந்த அளவு இல்லை. "நாளைக்கு வாங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் எதிர்க்கடைக்காரர், "எந்த சைஸும்மா?" என்று கேட்டு, தன் கடையிலிருந்த சக்கரம் ஒன்றை இந்தப் பக்கம் தூக்கிப் போட்டார். மாட்டிக் கொடுத்தவள் குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை ஊர்க் கோடியில எங்க கடைக்கு வாங்க. பாதிக் கூலிதான்" என்றாள். அந்த வாரம் வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே ஓதினாள். எல்லோரும் நன்றாகத்தான் தலையாட்டினார்கள்.

தன் கடைக்குத் திரும்பியதும் புதிதாக இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டாள். தெருவைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு டீச்சர் வந்தார். கைப்பையில் ஜிப்பை இழுத்து மூடும் ஓட்டி உடைந்திருந்தது. அந்தப் பித்தளை ஓட்டி பெரியவளிடம் இல்லை.

"நாளைக்கு வாங்கி வைக்கிறேன் டீச்சர்."

"அதை வாங்க நீங்க கடைத்தெருவுக்குத்தானே போகணும்? நானே போயிடறேனே. பல் டாக்டரும் அங்கதான், கண்ணாடிக் கடையும் அங்கதான். ஒரு கடை பூட்டியிருந்தா பக்கத்துல இன்னொண்ணு இருக்கும். இங்க நீங்க இல்லேன்னா நான் வெறுங்கையோடதானே திரும்பணும்?"

டீச்சர் போய்விட்டார். அதே ஓட்டியை வாங்கி வைத்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் பெரியவளும் கடைத்தெருவுக்குப் போனாள். சின்னவள் பார்த்துவிட்டாள்.

"வாங்கக்கா. பாதிக் கூலியாமே? எதிர்க்கடை அண்ணன் சொன்னார். எனக்கும் அதே ரேட்டுதானே?"

 சின்னவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "எதிர்வரிசையில குடைக்கடை காலியாகுது. பேசி வைக்கவா?" என்றாள்.

"உனக்குப் போட்டியாவா?"

"இப்பவே நாங்க ஆறு பேர் இருக்கோம். ஆறு பேர் இருக்கறதாலதான் பை கிழிஞ்சா ஊரே இந்தச் சந்துக்கு வருது. ஏழாவதா நீங்க வந்தா எனக்கென்ன குறையப் போகுது?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மைதான் மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. ஆனாலும் "பேசி வை" என்றாள்.

இப்போது பெரியவளின் கடை அந்தச் சந்தில்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் முட்டி சுவரில் இடிக்கும். வேலைக்குப் பஞ்சமில்லை. சின்னவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. அதைப் பெரியவளால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.