மெஹ்ரிபான் எடுத்த கணக்கு

டேட்டன் நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் எட்டு லட்சம் பேராம். அதில், அகதிகளாக இங்கே வந்து குடியேறிய அஹிஸ்கா துருக்கியர் நாங்கள் எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்குத் தாளில் எங்கள் இனத்துக்கென்று கட்டமே இல்லை. அதனால் எங்கள் சங்கமே வீடு வீடாக எண்ணி, அந்தக் கணக்கைக் காட்டி நகராட்சியிடம் எங்களில் இறந்தவர்களைப் புதைக்க அடக்க நிலம் கேட்பதென்று முடிவானது. எண்ணும் வேலையை மெஹ்ரிபான் ஏற்றாள்.

அவள் மருத்துவமனையில் துணி வெளுக்கிறவள். புருஷன் இறந்து பத்து வருஷம். கூடப் பிறந்தவன் தெமூர் ஒருத்தன்தான். எங்கள் வீடு உட்பட ஏழெட்டு வீடுகளை அவன்தான் வாடகைக்கு விட்டிருந்தான்.

யாராவது வந்து "எத்தனை பேர்" என்றால் எங்களுக்குக் கதவைச் சாத்தத்தான் தோன்றும். போர்க்காலத்தில் சிப்பாய்கள் எங்கள் ஜனத்தையே நாடு கடத்தியபோது, என் அம்மாவை மாடு ஏற்றும் ரயிலில் ஏற்றியதும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான்.

"குல்னாரா அத்தை, உள்ள எத்தனை பேரு?" என்று என் வாசலில் நின்று கேட்டாள் மெஹ்ரிபான்.

"எதுக்குடி? எங்க வீட்ல மாப்பிள்ளை தேடுறியா?"

"தேடுனா முதல்ல உனக்குத்தான் அத்தை! சும்மா சொல்லு. சங்கத்துக்கு எண்ணிக்கை மட்டும்தான் போகும். நோட்டு என் பையை விட்டு எறங்காது."

ஒன்பது என்றேன். வாடகைப் பத்திரப்படி ஆறு பேர்தான் இருக்கலாம். அவள் ஒன்பது என்று போட்டு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அது வராது. ஒரு வீட்டுக்குப் போனால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி நலம் கேட்க வேண்டும், ஒருத்தரை விட்டாலும் அவமரியாதை. நான் பேர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். என் சின்ன மகன் ருஸ்லானின் பெண் குழந்தைக்கு நாற்பது நாள் கழியவில்லை, அதுவரை வெளியாருக்குப் பேர் சொல்ல மாட்டோம். அவளுக்குச் சொன்னேன். நர்மினா என்று.

பத்தாம் நாள் தெமூரிடமிருந்து கடிதம். மருமகள் வாசித்தாள். ஒன்பது பேரும் நான் சொன்ன அதே வரிசையில் இருந்தார்கள். கடைசியில் நர்மினா. முப்பது நாளில் மூன்று பேர் போக வேண்டும், இல்லையென்றால் எல்லோரும்.

கடிதத்தோடு மெஹ்ரிபான் வீட்டுக்கு நடந்தேன். "யாருகிட்டடி சொன்ன?"

பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. என் காதிலும் விழும்படி என் முன்னாலேயே தம்பிக்குப் போன் போட்டாள்.

"தெமூர், என் நோட்டைப் படிச்சியா?"

"டீ குடிக்க வந்தப்ப மேசைல கெடந்துச்சுக்கா. என் வீட்ல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா? நகராட்சிக்காரன் என் கழுத்தைத்தான் பிடிப்பான்."

"கடுதாசியத் திரும்ப வாங்குடா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீதான குடுத்த? நான் குடுக்கலயே."

போனை வைத்தவள் என் காலைப் பிடிக்க வந்தாள். நான் விலகிக்கொண்டேன்.

ருஸ்லான் பெண்டாட்டி பிள்ளையோடு பக்கத்து மாநிலமான கென்டக்கிக்குப் போனான். மெஹ்ரிபான் காலையிலேயே வந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றினாள். தம்பி வீட்டு வாசலை அவள் பிறகு மிதிக்கவேயில்லை, அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட. சங்கத்துக்கும் கணக்கைக் கொடுக்கவில்லை. அடக்க நிலமும் போயிற்று.

அவள் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் அவள் பக்கம்தான் பேசுவேன். ஆனாலும் அன்று வண்டி போன பிறகு அவளை உள்ளே கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.