இடிக்க வந்தவர்

திருவள்ளூரில் எங்கள் தெருவில் ஆறு ஓட்டு வீடுகள் ஒட்டினாற்போல் நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். மூன்றாவது வீடு எங்களுடையது. அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட, பொக்லைன் ஓட்டுநர் ஒருவரை வரவழைத்தேன்.

ஒல்லியான மனிதர், கழுத்தில் ஈரத்துண்டு. வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய், சுவர்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பக்கத்து வீட்டிலும் அனுமதி கேட்டு நுழைந்தார். அங்கே, அண்மையில் பிள்ளை பெற்ற ஒரு பெண் எங்கள் பொதுச்சுவரை ஒட்டித்தான் படுத்திருந்தாள்.

வெளியே வந்தவர், “நான் இடிக்க மாட்டேன் சார்” என்றார்.

“ஏன்? பழைய ஊடுதானே?”

“பழசுதான். ஆனா ஆறும் ஒண்ண ஒண்ணு புட்ச்சிக்கினு நிக்குது. உங்க ஊட்ட எடுத்தா ரெண்டு பக்கமும் சாஞ்சிடும். செவுரு நல்லா கல்லாட்டம் கீது சார். ஓட்ட மட்டும் மாத்துங்க.”

வந்த வேலையை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அரைமனதோடு ஓடு மாற்றினேன். நாலு கோடை அந்த வீட்டில் நிம்மதியாக இருந்த பிறகுதான், அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று உறைத்தது.

இடிப்பதே பிழைப்பான அந்த மனிதர், இப்படி எத்தனை பேர் வீட்டை விட்டுவைத்துப் போனாரோ!