கட்டி கரைந்துவிட்டது என்று சொன்னவள்

சபையாருக்கு ஸ்டெல்லாவின் ஸ்தோத்திரம். போன அறுப்பின் பண்டிகையில் இதே மைக்கைப் பிடித்து, என் இடது மார்பிலிருந்த கட்டியை ஆண்டவர் கரைத்துவிட்டார் என்று சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். கட்டி கரையவில்லை. அந்த வாரம் கொஞ்சம் சிறுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவசரக்குடுக்கை நான், வாயை விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் பொய்க்காரி என்று தெரிந்துவிடும், ஆண்டவர் பேரும் கெட்டுப்போகும் என்று பயந்தேன். பீங்கான் கம்பெனியில் என் வேலையே சூளையிலிருந்து வரும் சாமானைத் தட்டிப் பார்ப்பதுதான். சத்தம் சரியில்லை என்றால் விரிசல், யோசிக்காமல் ஒதுக்கிவிடுவேன். என் உடம்பை மட்டும் சேலையால் மூடிக்கொண்டு நாலு மாதம் அழுது ஜெபித்தேன். பிள்ளைகள் இரண்டையும் நினைத்தால் சோறு இறங்காது.

பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ரசியா அக்காதான் கண்டுபிடித்தார். "ஏன் ஸ்டெல்லா, இடது கையத் தூக்கவே மாட்டேங்குற?" என்று கேட்டார். உடைந்து அழுது, கட்டி இருப்பதைச் சொல்லிவிட்டேன். "கெளம்பு. உங்க சாமி கேட்டா நான்தான் இழுத்தாந்தேன்னு சொல்லு" என்று அடுத்த சனிக்கிழமையே கூட்டிப்போனார்.

சனிக்கிழமைகளில் நம் ஊருக்குப் புற்றுநோய் பார்க்க வரும் பெரிய டாக்டர், சென்னையில் நாற்பது வருடம் அறுவை சிகிச்சை செய்தவர். எத்தனையோ டாக்டர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்றபின் பக்கத்திலிருக்கும் தன் சொந்த ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்கே வந்துவிட்டார். என்னைப் பரிசோதித்துவிட்டு, "இத்தினி நாளு ஏம்மா வரல?" என்றார். மைக்கில் சொன்ன கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் அப்படிச் சொல்லியிருக்கேம்மா. முழுசா எடுத்தாச்சு, இனிமே வராதுன்னு ஒருத்தர வூட்டுக்கு அனுப்புனேன். ஆறு மாசத்துல திரும்பி வந்தாரு. தப்பு என் மேலதான்னு அவருகிட்டயே சொல்லிட்டு மறுபடி ஆபரேஷன் பண்ணேன். பொழைச்சாரு. எங்கிட்ட படிக்க வர்றவங்களுக்கு மொத நாளு இதத்தான் சொல்லுவேன்."

அவ்வளவு பெரிய மனுஷர் அப்படிச் சொன்னதும் என் நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது.

பரிசோதனையில் புற்றுநோய்தான் என்று வந்தது. அவரிடம் படித்த டாக்டரம்மாதான் கடலூரில் எனக்கு அறுவை சிகிச்சை செய்தார். பெரியவர் பக்கத்திலேயே நின்றார். மயக்க ஊசி போடுமுன், "ஜெபம் பண்ணிக்கம்மா, நாங்க நிக்கிறோம்" என்றார். கையுறை போட்ட இரண்டு பேரும் காத்து நின்றார்கள். அன்றைக்குத்தான் உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொன்னேன். பயமாயிருக்கிறது, பொய் சொல்லிவிட்டேன், பிள்ளைகளுக்காக என்னை விட்டுவையும் என்றேன்.

மருந்தில் கொட்டிய முடி இப்போது முளைக்கிறது. வேலைக்குப் போகிறேன். கட்டி கரையவில்லை, அறுத்துத்தான் எடுத்தார்கள். ரசியா அக்காவையும் அந்த டாக்டர்களையும் அனுப்பின ஆண்டவருக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன்.

சேலைக்குள் எதையாவது மறைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே, ஆண்டவரை நம்பி வெளியே சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்பேன். மைக்கில் எல்லாம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை டாக்டரிடம் நான் கூடவே வருகிறேன்.